ஹூட் போட்டால் விமானம் சாய்வது போலத் தோன்றுகிறதா? விட்டுவிடாதீர்கள்

அமெரிக்காவில் பிரைவேட் பைலட் லைசென்ஸ் எடுத்து 110 மணி நேரம் பறந்தாகிவிட்டது, ஆனால் இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் (வெளியே பார்க்காமல் கருவிகளை மட்டும் வைத்துப் பறப்பதற்கான தகுதி) பயிற்சியில், வெளியே தெரியாமல் பார்வையை மறைக்கும் ஹூட் போட்டதும் விமானம் சாய்வதாகவே தோன்றுகிறது, மீதியைச் சிமுலேட்டரிலேயே முடிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கும் முதல் ஏழெட்டு மணி நேரம் இதே பாடுதான்.

இது உட்காது செய்யும் வேலை. ஒரே சீராகத் திரும்பிக்கொண்டே இருந்தால் சுமார் 20 நொடியில் அங்குள்ள திரவம் அடங்கி, நேராகப் போகிறோம் என்று சொல்லும். நிஜமாகவே நேராக்கினால் எதிர்ப்பக்கம் திரும்புவதாகக் கத்தும், அதை நம்பி மறுபடி சாய்த்தால் தொலைந்தோம். 1999இல் ஜான் எஃப். கென்னடி ஜூனியர் மங்கலான இரவில் கடலில் விழுந்தது இப்படித் திசை தடுமாறித்தான், அவரிடம் இந்த ரேட்டிங் இல்லை.

விமானத்தின் சாய்வைக் காட்டும் ஆட்டிட்யூட் இண்டிகேட்டரையே முறைக்காமல், அதிலிருந்து ஒவ்வொரு கருவிக்கும் போய்த் திரும்பிப் பாருங்கள். ட்ரிம் (கையால் அழுத்திப் பிடிக்காமலே விமானம் நிலையாகப் பறக்கச் செய்யும் அமைப்பு) சரியாக இருக்கட்டும். திரும்பும்போது சார்ட் (வரைபடம்) எடுக்கக் குனியவே குனியாதீர்கள், தலையை ஆட்டினால் கதை கந்தல்.

சிமுலேட்டரா? ரேட்டிங்குக்குத் தேவையான 40 மணி நேரக் கருவிப் பயிற்சியில், ஏஏடிடி எனும் மேம்பட்ட சிமுலேட்டர் வகைக்கு 20, பிஏடிடி எனும் அடிப்படை வகைக்கு 10 மணி நேரம் வரைதான் எஃப்ஏஏ (அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையம்) கணக்கில் எடுக்கும். அப்ரோச் (தரையிறங்க ஓடுபாதையை நெருங்கும்) முறைகளைப் பழக அது அருமை, பணமும் மிச்சம், ஆனால் தரையில் நிற்கும் பெட்டி உங்கள் காதை ஏமாற்றாது. அதனால் இந்தப் பயத்தை மட்டும் மேலே போய்த்தான் தீர்க்கவேண்டும், முடிந்தால் இன்ஸ்ட்ரக்டரோடு நிஜ மேகத்துக்குள்ளேயே.