கிட்டாரில் எஃப் கார்டு (பல சுரங்கள் சேர்ந்தொலிக்கும் பிடி) ஏன் ஒலிக்க மறுக்கிறது? என் விரல்கள் சிறியவையா?

விரலின் நீளம் பெரும்பாலும் காரணமல்ல. ஆள்காட்டி விரல் ஆறு கம்பிகளையும் சமமாக அழுத்தியாக வேண்டும் என்று எண்ணித்தான் பலர் மணிக்கட்டு வலிக்கும்வரை பிடிக்கிறார்கள். உண்மையில் மூன்றாம், நான்காம், ஐந்தாம் கம்பிகளை மற்ற விரல்கள் பார்த்துக்கொள்வதால், ஆள்காட்டி விரலின் பொறுப்பில் எஞ்சுபவை தடித்த ஆறாவதும், மெல்லிய முதல் இரண்டும் மட்டுமே. அவ்விரலைக் கட்டைவிரல் பக்கமாகச் சற்றே சாய்த்து, எலும்பு படும் ஓரத்தால் ஃபிரெட்டை (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டையை) ஒட்டி அழுத்துங்கள். மூட்டு மடிப்பின் பள்ளத்தில் கம்பி சிக்கினால் அது மந்தமாகவே ஒலிக்கும்.

இதே வடிவத்தை ஐந்தாவது ஃபிரெட்டில் பிடித்தால் ஏ கார்டு கிடைக்கும். 648 மி.மீ. கம்பி நீளமுள்ள கிட்டாரில் முதல் ஃபிரெட்டின் இடைவெளி ஏறக்குறைய 36 மி.மீ., ஐந்தாவதன் இடைவெளி 29 மி.மீ. என்பதால், அங்கே பழகிவிட்டுப் படிப்படியாக இறங்கி வருவதே நல்லது.

அதற்குமுன் ஒரு சோதனை: முதல் ஃபிரெட்டில் கேப்போ (எல்லாக் கம்பிகளையும் அழுத்திப் பிடிக்கும் கவ்வி) மாட்டி, அடுத்த ஃபிரெட்டில் பிடித்துப் பாருங்கள். சட்டென்று எளிதாகிவிட்டால், கழுத்தின் முனையில் கம்பிகளைத் தாங்கும் நட் உயரமாக இருக்கிறது என்று பொருள். மலிவு விலைக் கிட்டார்களில் இது சகஜம், பழுதுபார்ப்பவரிடம் கொடுத்தால் சரிசெய்துவிடுவார்.

அனுபவமுள்ளவர்கள்கூட எப்போதும் ஆள்காட்டி விரலை ஆறு கம்பிகள் மேலும் வைத்துப் பிடிப்பதில்லை. புகழ்பெற்ற ராக் கிட்டார் கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் ஆறாவது கம்பியைப் பெரும்பாலும் கட்டைவிரலால் மேலிருந்து அழுத்தியே வாசித்தார்.