புகையில் ஓடிய டர்போ: 2014 ஃபார்முலா ஒன் கேள்வி பதில்

கொழிஞ்சாம்பாறையில் டீசல் லாரி டர்போ கழற்றிப் பூட்டுவது என் தொழில். இன்ஜின் புகையின் வேகத்தில் சுழன்று, இன்ஜினுக்குள் காற்றை அமுக்கித் தள்ளுவதுதான் டர்போ. 2014 ஃபார்முலா ஒன் கார் பந்தயம் பற்றி நம்ம பக்கத்துப் பிள்ளைகள் அனுப்பிய கேள்விகள் இவை.

கோவிந்தாபுரம் தம்பி: அண்ணா, அந்த வருஷம் இன்ஜினில் என்ன மாறியது?

2.4 லிட்டர் வி8 (எட்டு சிலிண்டர்) போய் 1.6 லிட்டர் வி6 (ஆறு சிலிண்டர்) டர்போ வந்தது. கூடவே இரண்டு மின் மோட்டார்கள். ஒன்று பிரேக் பிடிக்கும்போது மின்சாரம் எடுத்து, 120 கிலோவாட் வரை சக்கரத்துக்குத் திருப்பிக் கொடுக்கும். இன்னொன்று டர்போவோடு சேர்ந்து சுழலும். ஒரு பந்தயத்துக்கு 100 கிலோ பெட்ரோல்தான்.

சித்தூர் தங்கை: டர்போவுக்கு எதற்கு அண்ணா மோட்டார்?

நல்ல கேள்வி. லோடு லாரி நெல்லியாம்பதி ஏற்றத்தில் வளைவு திரும்பியதும் மிதித்தால், கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டுத்தான் இழுக்கும். புகை வேகம் எடுத்து டர்போவைச் சுழற்றும் வரை காற்றழுத்தம் வராது. அந்த இடைவெளியில் மோட்டாரே டர்போவைச் சுழற்றிவிடும். அப்புறம் புகை அதிகமாக வரும்போது அதே மோட்டார் மின்சாரம் தயாரிக்கும். சைலன்சர் வழியாக வீணாகப் போகும் சூடு காரை ஓட்டுகிறது! முதலில் அதைப் படித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

வேலந்தாவளம் தம்பி: மெர்சிடிஸ் மட்டும் எப்படி அவ்வளவு ஜெயித்தது?

19 பந்தயத்தில் 16. லாரி டர்போவில் புகை தள்ளும் சக்கரமும் காற்றை அமுக்கும் சக்கரமும் ஒட்டியே இருக்கும். மெர்சிடிஸ் அவற்றைப் பிரித்து, காற்றுச் சக்கரத்தை இன்ஜினுக்கு முன்னாலும் புகைச் சக்கரத்தைப் பின்னாலும் வைத்தது. நடுவே நீளமான தண்டு, அதில் மோட்டார். உள்ளே போகும் காற்றில் புகைச்சூடு ஏறாது. அதனால் அந்தக் காற்றைக் குளிர்விக்கும் கூலரும் சிறிதாகப் போதும். இத்தனை வேகத்தில் சுழலும் நீளத் தண்டை அதிராமல் நிறுத்துவதுதான் கஷ்டம். அதைச் செய்தவர்களைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும்.

அதே தம்பி: அப்போ ஓட்டுபவர் திறமை?

ஒரே மாதிரி மெர்சிடிஸ் காரில் ஹாமில்டன் ஜெயித்தது 11, ராஸ்பெர்க் 5. மீதி மூன்றும் ரெட்புல் அணியில் ரிக்கியார்டோ எடுத்தது. கனடாவில் இரண்டு மெர்சிடிஸும் மின் பக்கம் பழுதாகித் திணறியபோது அவர் தயாராக இருந்தார். திறமை இல்லாமல் அது நடக்காது.

மீனாட்சிபுரம் தம்பி: சத்தம் போச்சே அண்ணா?

ஆமாம், குறைந்தது. சத்தமாகப் போன சக்தியில் ஒரு பங்கை டர்போ எடுத்துக்கொண்டது. எனக்கு அதில் வருத்தம் இல்லை. வருத்தமெல்லாம் 2026 விதிகளில்தான்: பிரேக் பக்கத்து மோட்டாரை 350 கிலோவாட்டாக உயர்த்தி, டர்போ மோட்டாரை எடுத்துவிட்டார்கள்.