வீட்டுச் சாக்கடைக் குழாய்க்குப் புகைச் சோதனை ஏன் செய்தார்கள்?

1900களின் தொடக்கத்தில் இங்கிலாந்து நகரங்களில் சுகாதார ஆய்வாளர் செய்த முக்கியமான வேலைகளில் ஒன்று இது. கழிவுக் குழாய்க்குள் புகையை ஏற்றி, அது எங்கே கசிகிறது என்று பார்ப்பதுதான் சோதனை. சைக்கிள் டியூபைத் தண்ணீரில் அமுக்கி பஞ்சர் தேடுகிறோமே, அதே யோசனைதான்.

மேன்ஹோலில் குழாயின் கீழ்வாயை முதலில் அடைப்பார்கள். எண்ணெய் தோய்ந்த பஞ்சுக் கழிவைப் புகையவிட்டு, துருத்தியால் உள்ளே தள்ளுவார்கள். கூரை மேலுள்ள காற்றுக்குழாயில் புகை வந்ததும் அதையும் மூடிவிட வேண்டும். மூடாவிட்டால் அழுத்தம் ஏறாது. சின்ன விரிசல் தப்பிவிடும். பிறகு அறை அறையாகப் பார்ப்பார்கள்: தொட்டிக்கு அடியில், தரைப்பலகை இடுக்கில், குழாய் இணைப்புகளில்.

கழிவறைக் கோப்பைக்கு அடியிலுள்ள குழாய் வளைவில் சுமார் 2 அங்குலம் தண்ணீர் நின்றுதான் நாற்றத்தைத் தடுக்கிறது. அதே குழாயில் வேறு தொட்டியின் தண்ணீர் வேகமாக இறங்கும்போது வளைவில் நிற்கும் தண்ணீரையும் உறிஞ்சிவிடும். பூட்டியே கிடக்கும் வீட்டில் தானாகவே வற்றும். குழாய் நன்றாக இருந்தும் புகை வருவது இதனால்தான்.

புகைக்குப் பதில் பெப்பர்மின்ட் எண்ணெயும் வெந்நீரும் மேலிருந்து ஊற்றுவதுண்டு. ஊற்றியவர் வீட்டுக்குள் வரவே கூடாது. வந்தால் வாசனை அவர் சட்டையிலா, குழாயிலா என்று தெரியாது!

சாக்கடைக் காற்றே டைபாய்டைத் தரும் என்று அன்று பலர் நம்பினார்கள். உண்மையில் கிருமி பரவுவது கழிவு கலந்த தண்ணீர், உணவு வழியாக. விரிசலிலிருந்து கிணற்றுக்குக் கழிவு ஊறுவதே ஆபத்து.