விஸ்லருக்குப் போங்கள், மைத்துனரின் பங்கைச் சுமக்காதீர்கள்

கேள்வி: டொரொன்டோவில் வேலை பார்க்கிறேன். வயது 34. மனைவியின் தம்பி, சித்தப்பா மகன்கள் இருவர், நான் என்று நால்வர் இந்த ஆகஸ்டிலும் பிரிட்டிஷ் கொலம்பியாவில் இருக்கும் விஸ்லர் சைக்கிள் பூங்காவுக்கு, லிஃப்டில் மலையேறிச் சைக்கிளில் இறங்க, ஐந்து நாள் போகிறோம். புள்ளிகள் சேருமே என்று போன கோடையின் மொத்தச் செலவு 9,600 டாலரையும் என் கடன் அட்டையில் போட்டேன். 4,400 இன்னும் நிற்கிறது. அதில் மைத்துனர் பங்கு 2,400, மீதி என்னுடையது. இந்த முறையும் என்னையே எல்லாவற்றையும் பதிவு செய்யச் சொல்கிறார்கள். டவுன்ஹில் சைக்கிள் வாடகை நாளுக்கு 200 டாலர். 6,000 டாலருக்குத் தவணையில் சொந்தமாக வாங்கிவிடலாமா? வரியில்லாச் சேமிப்புக் கணக்கில் 7,000 இருக்கிறது. அதைத் தொட மனமில்லை.

பதில்: சைக்கிள் வேண்டாம். ஐந்து நாள் வாடகை 1,000 டாலர். ஆறு கோடை போனால்தான் சொந்தச் சைக்கிளின் விலை சரிக்கட்டும். பிரேக் பட்டை, டயர், விமானத்தில் ஏற்றும் கட்டணம் எல்லாம் தனி. அந்தப் பூங்காவின் ஏ-லைன் பாதையில் ஒரு நாள் முழுக்க இறங்கினால் பட்டை எப்படித் தேயும் என்பது உங்களுக்கே தெரியும். லிஃப்ட் இல்லாத ஊரில் அந்தக் கனமான சைக்கிள் ஆண்டின் மற்ற நாளெல்லாம் சுவரில் சாய்ந்துதான் நிற்கும். 'வட்டியில்லாத் தவணை' என்று கடைக்காரர் சொன்னால், சலுகைக் காலம் முடிந்ததும் என்ன வட்டி என்று எழுத்தில் கேளுங்கள்.

நீங்கள் கேட்காத விஷயம்தான் என்னை உறுத்துகிறது. 4,400 டாலருக்கு 20 சதவீத வட்டி என்றால் ஆண்டுக்கு 880. செலவில் ஒரு சதவீதம் புள்ளியாகத் திரும்பியிருந்தாலும் 96 டாலர்தான். 96 டாலருக்காக 880 கொடுத்திருக்கிறீர்கள்; அதில் 480 மைத்துனருடைய கடனுக்கான வட்டி. அவர் கேட்கவும் இல்லை, நீங்கள் சொல்லவும் இல்லை. பயண அட்டை விளம்பரங்கள் இந்தக் கணக்கைக் காட்டமாட்டா. உங்கள் மாதக் கணக்குத் தாளை எடுத்துப் பாருங்கள்: குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டினால் கடன் தீர எத்தனை ஆண்டாகும் என்று அதிலேயே அச்சிட்டிருக்கும்.

சேமிப்பிலிருந்து 4,400 எடுத்து இந்த வாரமே அட்டைக் கடனை அடைத்துவிடுங்கள். எந்த முதலீடும் உறுதியாக 20 சதவீதம் தராது. எடுத்த தொகையை மீண்டும் போடும் உரிமை வரும் ஜனவரி முதல் தேதி உங்களுக்குத் திரும்பக் கிடைத்துவிடும். மைத்துனர் தரும் 2,400 அப்போது அந்தச் சேமிப்புக் கணக்குக்கே போக வேண்டும். மாதம் 400 என்று தேதி குறித்து வாங்குங்கள். மனைவி வழியாகச் சொல்லி அனுப்பாதீர்கள். நேரில் நீங்களே பேசுங்கள்.

இந்த ஆண்டு விமானச் சீட்டு, லிஃப்ட் சீட்டு, சைக்கிள் வாடகை மூன்றையும் அவரவர் பெயரில், அவரவர் அட்டையில் எடுக்கட்டும். தங்குமிடம் மட்டும்தான் பொதுச் செலவு. மூவரின் பங்கும் உங்கள் கணக்கில் விழுந்த பிறகே பதிவு செய்யுங்கள். அங்கே நடக்கும் கிராங்க்வொர்க்ஸ் சைக்கிள் விழா நாட்களைத் தவிர்த்தால் அறையும் எளிதாகக் கிடைக்கும்.

ஒரு செலவை மட்டும் குறைக்காதீர்கள். வேறு மாகாணத்தில் ஆம்புலன்ஸில் ஏற்றினால் ஒன்டாரியோவின் அரசுக் காப்பீடு அந்தக் கட்டணத்தைத் தராது. உங்கள் அலுவலகக் காப்பீட்டில் அது அடங்குமா, லிஃப்ட் ஏறி இறங்கும் சைக்கிள் விளையாட்டை விலக்கியிருக்கிறார்களா என்று கேளுங்கள். இல்லையென்றால் ஐந்து நாளுக்குத் தனிக் காப்பீடு எடுத்த பிறகே புறப்படுங்கள்.