மறுபிறவி, சொர்க்கம் எதிலும் நம்பிக்கை இல்லாமல் நிம்மதியாக வாழ முடிகிறதா?

முடிகிறது. ஆனால் நம்பிக்கை போன அன்றே அந்த நிம்மதி வந்துவிடவில்லை. நடுவில் இருபது வருஷம் போயிருக்கிறது.

கல்லூரியில் படிக்கும்போதே எனக்கு மறுமை மேல் நம்பிக்கை விட்டுப்போயிற்று. அப்போது அது விடுதி அறையில் விடிய விடிய வாதம் செய்யத்தான் உதவியது. வாழ்க்கையில் எதையும் மாற்றவில்லை. மாற்றியது 2019-ல் அப்பா இறந்த நாள்.

அப்பாவும் சித்தப்பாவும் பதினோரு வருஷம் பேசிக்கொள்ளவில்லை. ஒன்றரை அடி வரப்புத் தகராறு. அப்பாவைக் கூடத்தில் கிடத்தியிருந்தபோது சித்தப்பா ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டு, "அடுத்த ஜென்மத்துலயும் நீயே எனக்கு அண்ணனாப் பொறக்கணும்ணே" என்று கதறினார். கூடியிருந்த எல்லோரும் அழுதார்கள். நானும் அழுதேன். ஆனால் மனதுக்குள் ஒன்று ஓடிக்கொண்டே இருந்தது: அவர் வீடு இரண்டு தெரு தள்ளித்தானே இருக்கிறது?

அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அப்பா டெல்டா விவசாயி. மேட்டூர் தண்ணீரை நம்பியே காலம் முழுக்க நாற்று விட்டவர், அந்த அணையைக் கண்ணால் பார்த்ததில்லை. நீர்மட்டம் 120 அடியைத் தொட்டது என்று செய்தியில் வரும்போதெல்லாம் "ஒருதரம் போய்ப் பாக்கணும்டா" என்பார். "அடுத்த வருஷம் போலாம்ப்பா" என்பேன். மறுபிறவி கிடையாது என்று வாய் கிழியப் பேசிய நான், இன்னொன்று இருப்பதுபோலத்தான் நடந்துகொண்டிருக்கிறேன். அது அன்றைக்குத்தான் உறைத்தது.

அன்று நடந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அப்பா கண்தானத்துக்கு எழுதிக்கொடுத்திருந்தார். இறந்து ஆறு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும் என்பதால் உடனே போன் செய்தேன். மின்விசிறியை நிறுத்தச் சொன்னார்கள். தலைக்கு ஒரு தலையணை வைத்து உயர்த்தி, மூடிய இமைகள்மேல் ஈரப்பஞ்சு வைக்கச் சொன்னார்கள். வைத்தேன். புரை அறுவை செய்த கண்ணை யார் எடுப்பார்கள் என்றார் ஒருவர். இன்னொருவருக்குப் பொருத்துவது கண்ணின் முன்பக்கம் இருக்கும் விழிப்படலத்தைத்தான், அதற்குப் புரை அறுவை தடையில்லை. "கண்ணை எடுத்துட்டா அடுத்த பிறவியில குருடாப் பொறப்பாரு" என்று ஒரு பெரியம்மா அழுதார். நான் பதில் சொல்வதற்குள் அம்மா சொன்னார்: "இங்க ரெண்டு பேரு பாக்கட்டும்க்கா. அங்க அவரு எப்படியாவது வழியைக் கண்டுபிடிச்சுக்குவாரு."

அம்மா முழு நம்பிக்கைக்காரர். இன்றும் அமாவாசை தவறாமல் காக்கைக்குச் சோறு வைக்கிறார். எனக்கும் அவருக்கும் இதில் சண்டையே கிடையாது. வாழைக்காய் நறுக்கிக் கொடுப்பது நான்தான்.

மறுமை மறுப்பு மேல்நாட்டு இறக்குமதி என்று சிலர் சொல்வார்கள். ஆனால் மணிமேகலையிலேயே பூதவாதி, அதாவது நிலம் நீர் போன்ற பூதங்கள் சேர்ந்ததுதான் எல்லாம் என்பவர், ஒருவர் வந்து, இன்பம் துன்பம் எல்லாம் இந்தப் பிறப்போடு சரி என்கிறார். முற்பிறப்பை அறிந்த மணிமேகலை அதைக் கேட்டுச் சிரிக்கிறாள். அது வேறு விஷயம். அந்தப் பேச்சு நம் மண்ணில் அப்போதே இருந்திருக்கிறது.

ஆனால் என்னைத் தாங்கிப் பிடித்தவர் கிரேக்கர். எபிகூரஸ், கி.மு. 341-ல் பிறந்தவர். ஏதென்ஸில் ஒரு தோட்டத்தில் நண்பர்களோடு எளிமையாக வாழ்ந்தவர். உடலோடு உயிரும் முடிந்துவிடுகிறது, நாம் இருக்கும்வரை சாவு இல்லை, சாவு வரும்போது நாம் இல்லை என்றார். இந்த வாதம் எனக்கு மூளையில்தான் ஏறியது. நெஞ்சில் ஏறியது அவருடைய கடைசி நாள். கல் அடைத்து 14 நாள் தாங்க முடியாத வலி. அந்த நிலையில் ஒரு நண்பருக்குக் கடிதம் எழுதுகிறார்: இந்த வலிகளுக்கெல்லாம் எதிரில், நாம் பேசிக்கொண்டிருந்ததை நினைத்து வரும் மகிழ்ச்சியை நிற்க வைத்திருக்கிறேன் என்று. முன்பே இறந்துபோன தோழர் மெட்ரோடோரஸின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளவும் சொல்கிறார். மேலே போய் என்ன கிடைக்கும் என்ற பேச்சே இல்லை. பேசிய பேச்சும், விட்டுப்போகும் பிள்ளைகளும்தான் அவர் கண்முன் இருந்தன.

நிம்மதி என்று நான் சொல்வது இதைத்தான். வருத்தமே இராது என்று நினைத்துவிடாதீர்கள். அப்பாவை இனி எங்கேயும் பார்க்க மாட்டேன். அந்த இடம் காலியாகவே இருக்கிறது, எதைப் போட்டும் நிரப்ப முடியவில்லை. ராத்திரி சில நாள் விழிப்பு வந்தால் அது வலிக்கும். சொர்க்கத்தில் சந்திப்போம் என்று நினைக்க முடிகிறவர்களுக்கு அந்த நேரத்தில் ஓர் ஆறுதல் உண்டு, எனக்கு இல்லை. இதை மறைத்துவிட்டு உங்களுக்குப் பதில் சொன்னால் அது நேர்மை ஆகாது.

ஆனால் பகலில் என் நாட்கள் மாறிவிட்டன. ஊருக்குப் போனால் முதல் வேலை சித்தப்பா வீடு. மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தால் அன்றைக்கே போன் போட்டுவிடுகிறேன். இப்படி ஒவ்வொன்றாகத் தீர்த்துக்கொண்டு வந்தபோதுதான், எதையோ துரத்திக்கொண்டே இருந்த மனசு மெல்ல உட்கார்ந்தது.

2024 ஜூலை கடைசியில் மேட்டூர் 120 அடி எட்டியது என்று செய்தி வந்தது. விடுப்பு எடுத்து, ஒரு கார் பிடித்து, அம்மாவையும் சித்தப்பாவையும் கூட்டிப்போனேன். 16 கண் மதகு வழியாகத் தண்ணீர் நுரைத்துக்கொண்டு இறங்கியது. பேசுவது காதில் விழவில்லை, சாரல் முகத்தில் அடித்தது. சித்தப்பா ரொம்ப நேரம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்புறம் என் காதருகே வந்து, "நாங்க ரெண்டு பேரும் பஸ்ஸுலயாச்சும் வந்திருக்கலாம்டா" என்றார். நான் அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன். அம்மா தண்ணீரைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, "உங்கப்பாவும் பாத்துக்கிட்டுதான் இருக்காரு" என்றார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆனால் அவர் பார்க்க ஆசைப்பட்டதை நாங்கள் மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். இருட்டும்வரை அங்கேயே நின்றோம்.