லேப்டாப்பை ஃபார்மட் செய்துவிடலாமா?

கேள்வி: என் மகனுக்கு 19 வயது, பொறியியல் படிக்கிறான். பேராசிரியை ஒருவர் லேபில் பாஸ்வேர்டு அடித்ததைப் பார்த்து வைத்துக்கொண்டு, இரவில் விபிஎன் போட்டு கல்லூரி போர்ட்டலில் நுழைந்து, தன் இன்டர்னல் மார்க்கை 11லிருந்து 18 ஆக்கிவிட்டான். கல்லூரி சைபர் கிரைமுக்குப் போகப்போகிறதாம். லேப்டாப்பை ஃபார்மட் செய்தால் தப்பிக்கலாம் என்கிறார்கள் அவன் நண்பர்கள்.
- ஒரு தந்தை, சேலம்

பதில்: செய்யவே கூடாது. லேப்டாப்பை இப்போதே அணைத்து எடுத்து வையுங்கள். நண்பர்களோடு பேசிய வாட்ஸ்அப் செய்திகளையும் அவன் அழிக்க வேண்டாம்.

முக்கியமான சாட்சியம் கல்லூரி சர்வரில் இருக்கிறது. எந்த ஐடி, எத்தனை மணிக்கு, எந்த எண்ணை மாற்றியது என்பது பொதுவாக அங்கே லாகில் பதிவாகும். விபிஎன் மறைப்பது அவன் எங்கிருந்து நுழைந்தான் என்பதைத்தான். யாருடைய மார்க் ஏறியது என்பதை அது எப்படி மறைக்கும்? போதாததற்கு, விபிஎன் நிறுவனங்கள் வாடிக்கையாளர் விவரத்தை 5 ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்று மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான சர்ட்-இன் 2022 ஏப்ரலில் உத்தரவிட்டிருக்கிறது.

ஃபார்மட் செய்தால், பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 238ஆம் பிரிவு, அதாவது சாட்சியத்தை அழித்த குற்றமும் சேரும். நீங்கள் செய்தால் உங்கள் மீதும்.

இப்போதைக்கு வரக்கூடியவை தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஆம் பிரிவும், அடுத்தவர் பாஸ்வேர்டைப் பயன்படுத்தியதற்கான 66சி பிரிவும். முதலாவதில் 3 ஆண்டு வரை சிறை அல்லது 5 லட்சம் வரை அபராதம் அல்லது இரண்டும். மற்றதில் 3 ஆண்டு வரை சிறையும் 1 லட்சம் வரை அபராதமும். இரண்டிலும் ஜாமீன் உரிமையாகவே கிடைக்கும். ஆனால் ஏமாற்றுவதற்காக ஆவணம் புனைந்ததாக பாரதிய நியாய சன்ஹிதாவின் 336(3) பிரிவையும் சேர்த்தால் ஜாமீன் அவ்வளவு எளிதில்லை. முன்ஜாமீன் கேட்க வேண்டிவரும்.

சமரசம் ஆகுமா என்று கேட்பீர்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 77ஏ பிரிவு அதற்கு வழி வைத்திருக்கிறது. ஆனால் குற்றம் ஒரு பெண்ணுக்கு எதிரானது என்றால் அந்த வழி அடைபடும். பாஸ்வேர்டு பேராசிரியையுடையது என்பதால் இது எனக்குக் கவலையாகவே இருக்கிறது. அதனால் புகார் போவதற்கு முன்பே வழக்கறிஞரோடு போய் கல்லூரி முதல்வரைப் பாருங்கள். பையன் நேரில் மன்னிப்புக் கேட்க வேண்டும், பழைய மார்க்கே திரும்ப வரட்டும். ஆனால் எழுதிக் கொடுக்கச் சொன்னால், வழக்கறிஞர் வாசிக்காமல் ஒரு வரிகூட வேண்டாம். பிற்பாடு அதையே ஒப்புதல் வாக்குமூலமாக நீதிமன்றத்தில் வைப்பார்கள்.

போலீஸ் நோட்டீஸ் வந்தால் கட்டாயம் போக வேண்டும். தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லாமல் இருக்க அரசியலமைப்பின் 20(3) அவனுக்கு உரிமை தருகிறது. பொய் மட்டும் சொல்லக் கூடாது. அப்புறம், பேராசிரியைக்கு அவனாகப் போன் போட்டுக் கெஞ்ச வேண்டாம். சாட்சியை மிரட்டினான் என்று அது திரும்பிவிடும்.