பிணைப்பில் முனைவு உண்டு, மூலக்கூறில் இல்லை: இது எப்படி?

பிளஸ் ஒன் மாணவி: சார், கார்பன் டை ஆக்சைடில் ஆக்சிஜன்தான் எலக்ட்ரான்களைத் தன் பக்கம் இழுக்கிறது. அப்புறம் ஏன் அதை முனைவற்ற மூலக்கூறு என்கிறார்கள்?

நீ கேட்பது பிணைப்பைப் பற்றிம்மா, புத்தகம் சொல்வது மூலக்கூறைப் பற்றி. எலக்ட்ரான் கவர்திறன், அதாவது பிணைப்பு எலக்ட்ரான்களைத் தன் பக்கம் இழுக்கும் திறன், பாலிங் அளவில் கார்பனுக்கு 2.55, ஆக்சிஜனுக்கு 3.44. அதனால் இரண்டு பிணைப்புகளுமே முனைவுள்ளவைதான், அதாவது ஒரு முனையில் சற்று எதிர் மின்னூட்டம், மறுமுனையில் சற்று நேர் மின்னூட்டம். ஆனால் மூன்று அணுக்களும் ஒரே நேர்கோட்டில் நிற்கின்றன. கயிறு இழுக்கும் போட்டியில் இரு பக்கமும் சம பலம் என்றால் நடுவில் கட்டிய துணி நகராது இல்லையா, அதுதான் இங்கே. தண்ணீர் 104.5 டிகிரி கோணத்தில் வளைந்திருப்பதால் இழுப்பு ரத்தாவதில்லை, 1.85 டிபை (மூலக்கூறின் மொத்த முனைவை அளக்கும் அலகு) மிஞ்சுகிறது.

நீட் தேர்வுக்குப் படிப்பவர்: அம்மோனியா 1.47 டிபை, நைட்ரஜன் டிரைஃபுளூரைடு வெறும் 0.23. ஃபுளூரின் இருக்கும்போது அதிகமாகத்தானே வர வேண்டும்?

எனக்குப் பிடித்த கேள்வி! இரண்டுக்கும் வடிவம் ஒன்றே, பிரமிடு. கவர்திறன் வேறுபாடும் பக்கத்தில் பக்கத்தில்தான்: நைட்ரஜன்-ஹைட்ரஜன் 0.84, நைட்ரஜன்-ஃபுளூரின் 0.94. எண்களை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். நைட்ரஜனின் தலையில் பிணைப்பில் சேராத ஒரு தனித்த எலக்ட்ரான் இரட்டை உட்கார்ந்திருக்கிறது, அதை மறந்துவிடாதீர்கள். ஒரு தாளில் பிரமிடு வரைந்து, எலக்ட்ரான் போகும் பக்கம் அம்பு போடுங்கள். அம்மோனியாவில் மூன்று பிணைப்புகளின் அம்பும் கீழிருந்து மேலே, நைட்ரஜனை நோக்கி. தனித்த இரட்டையின் அம்பும் மேலே. எல்லாம் கூடிவிடுகிறது. ஃபுளூரைடில் பிணைப்பு அம்புகள் கீழே போகின்றன, தனித்த இரட்டை மட்டும் மேலே இழுக்கிறது. கழித்தால் மிஞ்சுவது அந்த 0.23.

டியூஷன் எடுப்பவர்: கவர்திறன் வேறுபாடு 1.7-ஐத் தாண்டினால் அயனிப் பிணைப்பு (எலக்ட்ரானை ஒரு அணு மற்றதற்குக் கொடுத்துவிடுவது) என்றே சொல்லித் தருகிறேன். சரிதானே?

அவசரத்துக்குச் சரி, விதியாகச் சொல்லாதீர்கள். ஹைட்ரஜன் ஃபுளூரைடில் வேறுபாடு 1.78. உங்கள் கணக்குப்படி அது சாப்பாட்டு உப்பு மாதிரி திண்மமாக இருக்க வேண்டும். ஆனால் சுமார் 20 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடுகிறது. அது எலக்ட்ரான்களைப் பங்கிட்டுக்கொள்ளும் சகப்பிணைப்பு மூலக்கூறுதான், முனைவு மிக அதிகம், அவ்வளவே. சகப்பிணைப்புக்கும் அயனிப் பிணைப்புக்கும் நடுவே வரப்பு கிடையாது.

ஒரு அப்பா: தலை சீவிய சீப்பைக் குழாயடியில் பிடித்தால் தண்ணீர் வளைகிறது. நீர் முனைவுள்ளது என்பதற்கு இதுதான் சாட்சி என்று மகளின் அறிவியல் கண்காட்சிக்கு எழுதலாமா?

செய்து காட்டட்டும், பார்க்க அழகாக இருக்கும். விளக்க அட்டையை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். பலரும் அப்படித்தான் சொல்கிறார்கள், நானே பல வருடம் சொல்லியிருக்கிறேன். மூலக்கூறுகள் சீப்பைப் பார்த்துத் திரும்புவதால் மட்டும் தாரை அவ்வளவு வளையாது. சீப்பில் எதிர் மின்னூட்டம் இருந்தால், குழாய் நீரில் இருக்கும் அயனிகள் நகர்ந்து தாரை நேர் மின்னூட்டம் பெற்றுவிடுகிறது. இழுப்பில் பெரும்பங்கு அதனுடையது.

பிளஸ் ஒன் மாணவி: இன்னொன்று சார், கார்பன் டெட்ராகுளோரைடில் பூஜ்யம், குளோரோஃபார்மில் மட்டும் ஏன் சுமார் 1 டிபை?

கார்பனைச் சுற்றி நான்கு மூலைகள் கொண்ட நான்முகியின் ஒரு மூலையில் குளோரினை எடுத்துவிட்டு ஹைட்ரஜனை வைத்துவிட்டார்களே! முதல் கேள்விக்குச் சொன்ன கயிற்றில் ஒரு ஆள் மாறிவிட்டார். அம்பு போட்டுப் பார், நீயே சொல்லிவிடுவாய்.